அத்தியாயம் ஏழு: ஏறத் தெரிந்த பறவைக்கு இறங்கத் தெரியாது

கூட்டிலிருந்து நழுவிய பறவையைத் தேடிப் போகிறவர்கள் அநேகமாக எல்லோருமே மரத்தடியில் நின்று அண்ணாந்து கூப்பிடுகிறார்கள். பறவையும் மேலிருந்து பதில் கொடுக்கும். கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவும். இறங்க மட்டும் இறங்காது. அரை மணி நேரத்தில் கூப்பிட்டவருக்குக் கோபம் வந்துவிடும். "இவ்வளவு நாளும் தின்னக் குடுத்து வளத்தேன், பாரு அதுட திமிர!"

திமிர் ஒன்றும் இல்லை. அதற்கு இறங்கத் தெரியவில்லை. மூன்றடிக் கூட்டில் பிறந்து வளர்ந்த பட்ஜியோ கொக்கட்டீலோ பதறிச் சிறகடித்தால் மேலே போய்விடும். அதற்குப் பழக்கம் வேண்டியதில்லை. உயரத்திலிருந்து வேகத்தை அடக்கிக்கொண்டு, கிளைகளுக்கு நடுவே வழி பார்த்துச் செங்குத்தாக இறங்குவது வேறு வித்தை. காட்டில் பிறந்த குஞ்சு தாய் தகப்பனோடு சுற்றித் திரிந்து அதைப் படித்துக்கொள்கிறது. கூட்டுப் பறவைக்கு அந்தப் பாடமே நடக்கவில்லை. அதனால் அல்பீசியா உச்சியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பறவைக்கு உங்கள் குரல் தெரியும், கூடு தெரியும், பசியும் இருக்கும். வழிதான் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற வேலைகள் எல்லாம் தாமாகவே சரியாக அமையும். துரத்துவது, கல்லெறிவது, மரத்தை உலுக்குவது எல்லாம் அதை இன்னும் ஒரு படி மேலே ஏற்றிவிடும் காரியங்கள்.

சப்ரகமுவத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கொழும்பில் பறவை மரத்தில் ஏறினால் மாடிவீடு தேட வேண்டும். நமக்கு மலையே மாடி. பள்ளத்தில் நிற்கும் மரத்தின் உச்சி, இரண்டு சுற்று மேலே போகும் தோட்டத்து ரோட்டில் நிற்பவரின் கண் மட்டத்துக்கு வந்துவிடும். பறவை இருக்கும் மரத்தைப் பார்த்த உடனே கீழே ஓடாமல் மேலே ஏறுங்கள். கூட்டைக் கொண்டுபோய், பறவை உட்கார்ந்திருக்கும் கிளைக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ வரும் இடத்தில், வெட்டவெளியில் வையுங்கள். பறவை அங்கிருந்து நேராகப் பறந்து வந்தால் போதும் என்றாகிவிடும். கூட்டுக்கும் மரத்துக்கும் இடையில் வேறு உயர்ந்த மரம் இருக்கக் கூடாது. இருந்தால் அதில்தான் போய் உட்காரும்.

அப்படியும் நேராகக் கூட்டுக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் ரோட்டோரத்துச் சவுக்கில் ஒரு கிளை, பிறகு வெட்டிவிட்ட நிழல் மரத்தின் மொட்டைக் கொப்பு, அங்கிருந்து தேயிலைச் செடியின் தலை என்று படிப்படியாகத்தான் வரும். ஒவ்வொரு படியிலும் நீண்ட நேரம் உட்கார்ந்து இறகு கோதும். இந்த நேரத்தில்தான் ஆட்கள் பொறுமை இழந்து பாய்கிறார்கள். தேயிலை மட்டத்துக்கு வந்த பறவையிடம் பாய்ந்தால் மறுபடி உச்சிக்குப் போய்விடும், இரண்டாம் தடவை உங்களை நம்பாது. அது கூட்டின் மேல் வந்து உட்கார்ந்தாலும் கை நீட்டாதீர்கள். தின்னத் தொடங்கி, தலை குனிந்து உள்ளே போகும்வரை பக்கத்தில் வேறு வேலை பார்ப்பதுபோல இருங்கள்.

தேடல்

பறவை வெளியே போன கணத்தில் ஒருவர் அதன் மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது. கூடு, துவாய், தினை எல்லாவற்றையும் மற்றவர்கள் கொண்டுவரட்டும். உதவிக்கு ஆள் இல்லாத நேரத்தில் நடந்தால் பறவை போன திசையையாவது ஏதோ ஒரு மரத்தை அடையாளம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டம் பெரும்பாலும் காற்று போகும் பக்கமாகத்தான் இருக்கும். மூச்சு வாங்கியதும் அகப்பட்ட முதல் உயரத்தில் உட்கார்ந்துவிடும். பயந்த பறவை உடனே சத்தமும் போடாது. அதனால் பக்கத்து மரங்களில் சத்தம் இல்லை என்று பறவையும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டுத் தூரம் போய்விடாதீர்கள்.

லயத்தில் இருப்பவர்கள் வெளியே தேடுவதற்கு முன் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரைவரை போய் முட்டுவதில்லை. உங்கள் காம்பராவில் காணாமல் போன கிளி மூன்றாவது காம்பராவின் மோட்டில் உட்கார்ந்திருக்கலாம். "அக்கா, ஒங்க குருவி எங்க வூட்டுக் குசினில" என்று யாராவது கூப்பிட்டால் ஓடுவதற்கு முன் அங்கிருந்தே சொல்ல வேண்டியவை சில உண்டு: அடுப்பில் கொதிப்பதை மூடுங்கள், பேனை நிறுத்துங்கள், தண்ணீர்ப் பீப்பாவை மூடுங்கள், பூனையை வெளியே விடுங்கள், பிறகு கதவைச் சாத்துங்கள். வீட்டுக்குள் தப்பிய பறவை அநேகமாகச் செத்துப்போவது அடுப்பு, பேன், தண்ணீர், பூனை என்ற நான்கில் ஒன்றினால்தான். அறையை இருட்டாக்கி, ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் விட்டால் அங்கே போய் ஒதுங்கும். துவாயை மெதுவாகப் போர்த்தி எடுக்கலாம்.

வெளியே தேடும்போது கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும். பச்சைப் பட்ஜியை ரப்பர் இலைக்குள் பார்த்துக் கண்டுபிடிப்பது லேசு அல்ல. நம் மாகாணத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கித்துல்கல காட்டில் 1995இல் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட பழக்கமில்லாத ஒரு குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்குரிய சிறு ஆந்தையை அவர் கண்ணால் கண்டது 2001இல், சிங்கராஜாவில். 2004இல்தான் அது புதிய இனம் என்று அறிவித்துப் பெயர் வைக்கப்பட்டது. கண்ணால் காணும்வரை அவரைக் கொண்டுபோனது குரல் ஒன்றுதான். நீங்கள் தேடுவது தெரிந்த குரல், ஆகவே வேலை சுலபம். பறவை வீட்டில் இருக்கும்போதே அதன் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். தப்பிய பிறகு பதிய முடியாது. சோடி இருந்தால் அதைச் சிறு கூட்டில் வைத்து எடுத்துப் போவது இன்னும் நல்லது. தனிப் பறவை கத்தும், மற்றது பதில் சொல்லும். பதிவைத் தொடர்ந்து ஓடவிடாதீர்கள். ஒரு நிமிடம் ஓட்டினால் ஐந்து நிமிடம் சும்மா நின்று கேளுங்கள். நம் காடுகளில் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துக் காட்டிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பள்ளத்தில் உங்கள் கிளி கூப்பிடுகிறது என்று அட்டைக்கடி பட்டு இறங்கிய பிறகு அது கரிச்சானாக இருக்கலாம்.

இனி ஆட்கள். தோட்டத்தில் பறவை தேடுவதற்கு நோட்டீசைவிட நல்ல வழி காலைப் பிரட்டு. கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் கொழுந்து மலைக்குப் போகும் அத்தனை பேருக்கும் செய்தி போய்விடும். கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இன்னும் வசதி. பால் வெட்டுகிறவர்கள் விடியலிலேயே ஒவ்வொரு மரத்தடிக்கும் போகிறார்கள், பறவைகள் கத்தும் நேரமும் அதுதான். கித்துள் சீவுகிறவர் காலையிலும் மாலையிலும் மரத்தலையிலேயே இருக்கிறார். இந்த மூன்று தரப்புக்கும் பறவையின் நிறத்தையும் சத்தத்தையும் சொல்லிவிடுங்கள். "கண்டா புடிக்காதீங்க, ஆள் அனுப்புங்க" என்பதையும் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள். பிடித்துத் தருகிறேன் என்று கிளம்பும் அன்பர்களால் பறவை அடுத்த மலைக்குப் போன கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அடுத்த கிராமத்துக் கடையிலும் சிங்களத்தில் ஒரு துண்டு ஒட்டுங்கள். பட்ஜிகள் சிட்டுக்குருவி, தினைக்குருவிக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு கீழே வயலுக்கு இறங்கிவிடுவது உண்டு.

தூரம் போய்விட்டாலும் நம்பிக்கையை விட வேண்டாம். 2024 ஒக்டோபரில் லண்டன் மிருகக்காட்சிசாலையின் இரண்டு பஞ்சவர்ணக் கிளிகள் பறந்துபோய், சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துப் பக்கம் இருப்பதாகத் தகவல் வந்தது. பராமரிப்பாளர்கள் போய்ப் பழகிய தீனியைக் காட்டிக் கூப்பிட்டதும் இறங்கி வந்தன. வலை வீசவில்லை. தெரிந்த ஆளும் தெரிந்த தீனியும்தான் அழைத்து வந்தன.

நேரம், மழை, பொறி

கூட்டை நாள் முழுவதும் வெளியே வைத்துக்கொண்டு காவல் இருக்க வேண்டியதில்லை. விடிந்த முதல் இரண்டு மணி நேரமும், மாலை நான்கு மணியிலிருந்து இருட்டும் வரையும் முக்கியம். பறவை தின்னத் தேடுவது அப்போதுதான். நடுப்பகலில் இலைக்குள் ஒடுங்கிக் கிடக்கும், தேடினாலும் தெரியாது. மாலையில் அது எந்தக் கிளையில் அடைகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இருட்டில் அது இடம் மாறாது. கைக்கு எட்டும் உயரம் என்றால் நன்றாக இருட்டிய பிறகு, டோர்ச் வெளிச்சத்தை நேரே முகத்தில் நிறுத்தி, பின்னால் இன்னொருவர் துவாயைப் போர்த்தி எடுக்கலாம். எட்டாத உயரம் என்றால் தொடவே தொடாதீர்கள். இருட்டில் கலைந்த பறவை குருட்டுத்தனமாகப் போய் எதிலாவது மோதும். விடிவதற்கு முன்பே கூட்டோடு அங்கே போய் நிற்பதுதான் சரி.

இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மே முதல் செப்டெம்பர் வரை ஒரு மழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. மழைக்கு முன் பறவை வரவில்லை என்றால் மழை விட்டதும் உடனே தரையையும் தேயிலைத் தூரையும் பாருங்கள். ஊறிய பறவையால் பறக்க முடியாது. கைக்கு வந்துவிடும், அதே சமயம் பூனைக்கும் கீரிக்கும் செம்போத்துக்கும் கூட வந்துவிடும். ஆகவே குடை பிடித்துக்கொண்டு அந்த அரை மணி நேரம் தேடுவது பலன் தரும். இதைக் கேட்டுவிட்டு சிலர் தண்ணீர்க் குழாயைப் பிடித்து மரத்தில் இருக்கும் பறவையை நனைக்கப் பார்க்கிறார்கள். பட்ஜியின் எடை முப்பது, நாற்பது கிராம். குளிர் பிடித்தால், கைக்கு வந்த பிறகும் செத்துப்போகும்.

பொறி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். அதன் சொந்தக் கூடு போதும். கதவை மேலே தூக்கி, ஒரு குச்சியில் நிறுத்தி, குச்சியில் தங்கூசியைக் கட்டி, இருபதடி தள்ளி இஸ்தோப்பிலோ பற்றைக்குப் பின்னாலோ உட்கார்ந்துகொள்ளுங்கள். தின்னும் கோப்பை கூட்டின் அடி மூலையில் இருக்க வேண்டும். வாசலோரம் வைத்தால் எட்டிக் கொத்திவிட்டுப் போய்விடும். முதல் தடவை தலையை நீட்டியதும் இழுக்காதீர்கள். வாலும் உள்ளே போகட்டும். சோடி இருந்தால் அதை இந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் தனிக் கூட்டில் வையுங்கள். ஒரே கூட்டில் வைத்துக் கதவைத் திறந்தால் இரண்டும் போகும். புறாவுக்கு இந்தப் பாடு இல்லை. வீடு தெரிந்த புறா தானாகத் திரும்பும், உள்ளே மட்டும் தள்ளித் திறக்கும் கம்பிக் கதவு ஒன்று வைத்தால் போதும்.

செய்யக் கூடாதவற்றில் பொடியன்மார் கொண்டுவரும் யோசனைகள் முதலிடம். பலாப்பாலைக் காய்ச்சிக் குச்சியில் தடவி வைத்தால் பறவை ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ஒட்டும், உண்மைதான். பிய்த்தெடுக்கும்போது இறகும் தோலும் போகும். யாராவது முன்பே அப்படிச் செய்து பறவை ஒட்டிக்கொண்டிருந்தால், தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு ஒட்டிய இடத்தை ஊறவைத்து மெல்லக் கழற்றி, அரிசி மாவால் எண்ணெயை எடுங்கள். அதன் பிறகே மென்மையான சவர்க்கார நீர். கெட்டபோலால் கிளையை அடிப்பது இன்னொரு யோசனை. அது பறவைக்கு மட்டுமல்ல, ஆட்களுக்கும் ஆபத்து. தோட்டத்தில் உயர்ந்த மரம் என்றால் குளவிக்கூடு இருக்குமா என்று பார்த்த பிறகே பக்கத்தில் போக வேண்டும். கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆட்கள் இறந்த செய்திகள் நமக்குப் புதிதல்ல. ஒரு பட்ஜிக்காகக் கல்லெறிந்து ஒரு மலையையே ஓடவைக்க வேண்டாம். பறவை மின்கம்பியில் உட்கார்ந்தால் அது தானாக எழும்பும்வரை காத்திருங்கள். ஈரமான மூங்கிலும் இரும்புத் தொரட்டியும் மின்சாரத்தைக் கொண்டுவரும். கம்பியில் நூலோ வலையோ சிக்கியிருந்தால் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

கையில் பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. முதுகு உள்ளங்கையில் பட, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கழுத்தின் இரு பக்கமும் வர, மற்ற விரல்கள் சிறகை அணைத்திருந்தால் போதும். கடித்தால் கடிக்கட்டும். பிடித்து வந்ததும் குளிப்பாட்டுவது, எல்லோரும் கூடிப் பார்ப்பது, படம் எடுப்பது எதுவும் வேண்டாம். கூட்டை மூன்று பக்கம் மூடி, சூடு தேவையென்றால் ஒரு பக்கத்தில் மட்டும் 40 வொட் குண்டு பல்பு போட்டு, தண்ணீரும் தினையும் வைத்துவிட்டு விலகுங்கள். பூனைப் பல்லோ நகமோ பட்டிருந்தால் காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வெளியில் இருந்தது ஓர் இரவானாலும் மற்றப் பறவைகளோடு உடனே சேர்க்க வேண்டாம். மூன்று, நான்கு வாரம் தனியாக வைத்து எச்சத்தையும் மூச்சையும் கவனியுங்கள். காகத்தோடும் காட்டுப் பறவையோடும் ஒரே கிளையில் இருந்துவிட்டு வந்திருக்கிறது.

கதவு

பறவை தப்புவது வலையின் ஓட்டையால் என்று நினைத்து எல்லோரும் வலைக்குத்தான் செலவழிக்கிறார்கள். என் கணக்கில் வலை இரண்டாம் இடம். பெரும்பாலான பறவைகள் கதவு வழியாகத்தான் போகின்றன, அதுவும் ஆள் உள்ளே போய்வரும் நேரத்தில். 1965 பெப்ரவரியில் லண்டன் மிருகக்காட்சிசாலையின் கோல்டி என்ற பொன்னிறக் கழுகு, கூண்டைக் கழுவும்போதுதான் வெளியே போனது. ரீஜென்ட்ஸ் பூங்காவில் அது மரம் மரமாகத் திரிந்த பன்னிரண்டு நாளும் பார்க்க வந்தவர்களால் ரோடுகள் அடைபட்டன. கடைசியில் செத்த முயலைப் போட்டுத்தான் பிடித்தார்கள். அதே வருடம் டிசம்பரில் மறுபடியும் தப்பியது! பழகிய ஆட்களும் பணமும் உள்ள இடத்திலேயே கதை இப்படி.

ஆகவே பறவைக் கூடம் கட்டுகிறவர்கள் முதலில் இரட்டைக் கதவுக்கு இடம் ஒதுக்குங்கள். வெளிக் கதவுக்கும் உள் கதவுக்கும் நடுவே ஒரு ஆள் கூடையோடு நின்று திரும்பும் அளவு, மூன்றடிக்கு மூன்றடி போதும். ஒன்று பூட்டாமல் மற்றது திறக்கக் கூடாது. உள் கதவைத் தாழ்வாக வையுங்கள், நான்கடி உயரம் தாராளம். மிரண்ட பறவை மேலே எழும்பும், கதவு கீழே இருந்தால் தலைக்கு மேலேயே சுற்றும். குனிந்து போவது முதுகுக்குக் கஷ்டம்தான், வயதானவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும், தானாகச் சாத்திக்கொள்ளவும் வேண்டும். ஸ்பிரிங் கீல் துருப்பிடித்துவிடும் நம் ஈரத்தில், மணல் நிரப்பிய போத்தல் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கப்பியில் தொங்கவிட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். தீனியும் தண்ணீரும் வைக்க வெளியிலிருந்தே கை விடும் சிறு சாளரம் வைத்துவிட்டால் உள்ளே போகும் தேவையே பாதியாகக் குறையும்.

வலையில் முதலில் ஒதுக்க வேண்டியது கோழி வலை. மெல்லிய கம்பி, நம் மழையில் சீக்கிரம் துரு ஏறும், கிளிகள் அலகால் முறுக்கி அறுத்துவிடும். பிளாஸ்டிக் வலையை எலியே அறுக்கும். வெல்டிங் செய்த நாகமுலாம் வலை, பட்ஜிக்கும் கொக்கட்டீலுக்கும் அரை அங்குலக் கண், 16 கேஜ் கம்பி என்றால் நல்லது. சிறு குருவி வகைகளுக்கும், எலிக்குஞ்சும் பாம்புக்குட்டியும் வராமல் இருக்கவும் கால் அங்குலக் கண் தேவை. புது வலையை வினாகிரி தோய்த்த பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சில நாள் மழையில் விட்டு வையுங்கள். முலாமின் துகளைக் கொத்தித் தின்னும் பறவைக்கு நாகம் நஞ்சாகும். வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்கி, அடியில் சீமெந்து போடுங்கள். மரச்சட்டத்தைக் கறையான் தின்றுகொண்டிருப்பது வெளியே தெரியாது. ஆணி பிடிக்காமல் வலை நெகிழ்ந்த பிறகே தெரியும். இரும்புக் குழாய்க்குக் காசு இல்லாதவர்கள் சட்டத்தின் அடியை மண்ணில் படாமல் கல்லின் மேல் வைக்கலாம்.

கூடத்தை ரப்பர் மரத்தடியில் வைக்காதீர்கள். நிழலுக்கு நல்லதுதான், ஆனால் காற்றுக்கு அதன் கிளை மளுக்கென்று முறியும். கூரையில் பாதிக்குத் தகரம் போட்டால் அடைமழைக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். பலத்த மழையும் காற்றும் அடித்த மறுநாள் காலையில் தீனி வைப்பதற்கு முன் நான்கு மூலையையும் கையால் அழுத்திப் பாருங்கள்.

பிறகு, வெளியிலிருந்து திறப்பவர்கள். குரங்குக்கு விரல் உண்டு. வெறும் கொக்கியையும் தாழ்ப்பாளையும் நம்மைப்போலவே திறக்கும், தீனிக் கோப்பைக்காகத் திறந்துவிட்டு அது போய்விடும், பறவைகளும் போய்விடும். குரங்கு வரும் தோட்டத்தில் ஆமைப்பூட்டுத்தான். சாரைப்பாம்பும் மரநாயும் இரவில் வந்து வலையில் ஏறினால் உள்ளே பறவைகள் இருட்டில் மோதிச் சாகும். கொக்கட்டீல் இதில் மிக மோசம், சின்னச் சத்தத்துக்கும் பதறிவிடும். உள்ளே மங்கலான ஒரு சிறு விளக்கு இரவு முழுவதும் எரிந்தால் இந்தப் பதற்றம் பெரிதும் குறையும். கடையில் விற்கும் சிறு கம்பிக் கூடுகளில், மேலே தூக்கும் கதவைப் பட்ஜி அலகால் தூக்கிவிட்டு நழுவும். உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்று போட்டால் தீர்ந்தது. இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியாது.

சிறகு வெட்டினால் இத்தனை தொல்லை இல்லையே என்பார்கள். மலைத்தோட்டத்தில் அதை நம்பவே கூடாது. சமதரையில் பொத்தென்று விழும் பறவை, சரிவிலிருந்து குதித்தால் காற்றில் வழுகி ஒரு பள்ளத்தைத் தாண்டிவிடும். போன இடத்திலிருந்து எழும்பி வரவும் முடியாது, பூனைக்குத் தப்பவும் முடியாது. வெட்டிய இறகும் அடுத்த உதிர்வில் முளைத்துவிடும். 2005இல் அமெரிக்காவில் கன்சாஸ் மாநில மிருகக்காட்சிசாலையில் இரண்டு பூநாரைகளுக்கு மறுபடி இறகு வெட்டும் தவணை தவறியது. காற்று பலமான ஒரு நாளில் இரண்டும் பறந்தன. 492 என்ற வளையம் போட்ட ஒன்றை டெக்சஸ் கடற்கரையில் பல வருடம் கழித்தும் கண்டார்கள்.

அந்தப் பூநாரை எது என்று தெரிந்தது காலில் இருந்த வளையத்தால்தான். உங்கள் பறவைக்கும் வளையம் இருந்தால் அதன் எண்ணை எழுதி வையுங்கள். இல்லையென்றால் அலகு, நகம், சிறகுப் புள்ளி தெரியும்படி இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஊர்க்காரர் பிடித்த பச்சைப் பட்ஜி உங்களுடையதுதான் என்று காட்ட வேறு வழி இல்லை. பேசும் கிளி என்றால் அதற்கே சொல்லிக் கொடுக்கலாம். ஜப்பானில் நகரெயாமா ஊரில் 2008இல் தப்பிய யோசுகே என்ற சாம்பல் கிளி, மிருக வைத்தியரிடம் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லி வீடு போய்ச் சேர்ந்தது. நம் கிளிகளுக்குக் கெட்ட வார்த்தை சொல்லிக் கொடுக்கும் நேரத்தில் போன் நம்பரைச் சொல்லிக் கொடுத்தால் என்ன?

தேடக் கூடாத பறவை

இதுவரை சொன்னது எல்லாம் கூட்டில் பிறந்த வெளிநாட்டுப் பறவைகளுக்கு. மரப்பொந்திலிருந்து எடுத்து வளர்த்த மலை மைனா, தலைகீழாகத் தொங்கித் தூங்கும் சின்னக் கிளி, சாம்பல் தலைக் காட்டுக் கிளி போன்றவை வேறு கணக்கு. இந்த மூன்றும் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பல தோட்டங்களில் "பேசும் மைனா" ஒன்று இஸ்தோப்பில் தொங்குவது வழக்கமாக இருக்கலாம், சட்டத்துக்கு அது தெரியாது. அப்படிப்பட்ட பறவை போய்விட்டால், நன்றாகப் பறக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். பறக்க முடியாமல் கிடந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

தலைகீழான தவறும் நடக்கிறது. வெசாக்குக்கோ நேர்த்திக்கோ புண்ணியம் என்று கூட்டுப் பட்ஜிகளை வாங்கித் திறந்து விடுவது. அவுஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளியில் புல்விதை தின்று வாழ்ந்த பறவை அது. சப்ரகமுவ மழைக்காட்டில் தீனியும் தெரியாது, வல்லூறும் தெரியாது. அநேகம் பறவைகள் சில நாளில் காகத்துக்கு இரையாகும்.

மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவு

கடைசியாக ஒன்று, இரத்தினபுரி, கேகாலை என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் மட்டும். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டால் எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அவசரத்தில் பலர் இரக்கப்பட்டுக் கூட்டைத் திறந்துவிட்டுப் போகிறார்கள். கொட்டும் இரவு மழையில் வெளியே போகும் பட்ஜி விடிவதைக் காணாது. மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றை மழைக்காலம் முழுவதும் கூட்டின் பக்கத்திலேயே வையுங்கள். அட்டைப்பெட்டி நனைந்து கிழியும். கூடைக்குள் ஒரு துவாய், ஒரு சிறு பொதி தினை, மூடியில் கட்டிய நூல். ஆட்கள் எல்லோரும் வெளியேறத் தயாரான பிறகும் நேரம் இருந்தால், விளக்கை அணைத்து இருட்டில் பறவைகளை எடுத்து அதில் போடுங்கள். நேரம் இல்லையென்றால் தண்ணீரையும் தீனியையும் தாராளமாக வைத்துவிட்டு, கூட்டைக் கூரைக்குள் பூட்டியபடி விட்டுப் போங்கள், பறவைக்காக யாரும் திரும்பி ஏறக் கூடாது. முழுக் கூட்டோடு கொண்டுபோக முடிந்தால் கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டிய பிறகே லொறியில் ஏற்றுங்கள். தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் கொக்கி கழன்றுவிடும்.